வெயிலில் ஓடி, பனியில் படுத்த கம்ப்யூட்டர்

தை இருபத்துமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். வெள்ளி என்பதால் தலைக்குக் குளித்தேன். காலைக்குத் தோசை, தக்காளிச் சட்னி. மதியத்துக்குப் புளிசோறு கட்டிக்கொண்டேன். கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் ஷட்டரை நான் தூக்கியபோது, எதிர்ச் சாரியில் டீக்கடை சம்சு பாய் பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வேலை மேசையைப் பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டினேன். திருகாணி போடும் இட்லித் தட்டைத் துடைத்து அதனிடத்தில் வைத்தேன்.

இட்லித் தட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கழற்றும் திருகாணிகளை ஒரு குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைத்தால் மாட்டும்போது ஒன்றும் மிஞ்சாது. கடை முதலாளியும் தலைமை மெக்கானிக்குமான குலசேகரன் சார் அதைத் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்துவிட்டார். அவர் மனைவி ஒருநாள் கடைக்கு வந்தபோது தட்டை அடையாளம் கண்டுபிடித்து, "இது என் தட்டாச்சே!" என்று கேட்டார். "வூட்ல வாரத்துக்கு ஒரு நாள்தான் அதுக்கு வேல. இங்க தெனமும் உழைக்கிது" என்றார் சார். தட்டு திரும்பிப் போகவில்லை.

போன ஆண்டுதான் அந்தக் கடையிலிருந்து ஓய்வு பெற்றேன். மேசைமேல் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இப்போது வருகிற மடிக்கணினிகளில் ரேமைக் கழற்றவே முடியாது. பலகையோடு ஒட்டி வந்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள், "யக்கா, அந்த மலைக் கம்ப்யூட்டர் கதைய எழுதிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை தொடங்கிய கதைதான் அது. இன்றைக்கும் பஸ்ஸில் தனியாகப் போகும்போது நினைவு வந்தால் சிரித்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

நான் வேலை கற்ற கதை பெரிதல்ல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே மெஷின்கள் பழுதானால் நானே பிரித்து மாட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் பிரித்தேன். குலசேகரன் சார் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

சாரிடம் கற்றது வேறு. பழுதான கம்ப்யூட்டரோடு யார் வந்தாலும் அவர் பெட்டியைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கடைசியா நல்லா ஓடினது எப்போ?" என்று கேட்பார். வந்தவர் தன் ஊகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "இன்னா ஆச்சின்னு சொல்லுங்க. நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்றத அப்பறம் கேட்டுக்கறேன்."

அவருக்கு மூன்று சட்டங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றம் செய்து சோதனையை ஓடவிட்ட பிறகு ஒரு டீ. டம்ளர் காலியாகும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது. மூன்றாவதுதான் கொடுமை: சரிசெய்த கோளாறைத் திரும்ப வரவழைத்துக் காட்ட வேண்டும். "வரவழைக்க முடியலன்னா நீ சரி பண்ணல. அதுவா சரியாப் போச்சு" என்பார். எங்கள் டீக் கணக்கை வைத்தே சம்சு பாய் வியாதியைத் தரம் பிரிப்பார். "இன்னா மேடம், இது ரெண்டு டீ காய்ச்சலா, அஞ்சு டீ காய்ச்சலா?"

எலவனாசூர்கோட்டையில் ஒரு நெல் மில்லின் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தது. சார் என்னை நாற்காலி போட்டு அங்கே உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டார். மதியம் வரை உமி தும்மலோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய மோட்டாரைப் போடும்போதெல்லாம் விளக்கு ஒரு நொடி மங்கியது. கம்ப்யூட்டரும் அதோடு படுத்தது. அதை வேறு மின்லைனுக்கு மாற்றச் சொன்னேன். பெட்டியைத் திறக்காமலே சரிசெய்த முதல் வேலை அது. சார் பாராட்டவில்லை. "மோட்டார மறுபடி போடச் சொல்லிப் பாத்தியா?" என்றுதான் கேட்டார். பார்த்திருந்தேன்.

சரி, மலைக் கதைக்கு வருகிறேன்.

வெள்ளிமலையில் அண்ணாமலை என்பவர் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்வராயன் மலையில் சுற்றுப்பட்ட ஊர்க் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்து, எடிட் செய்து தருவார். அவருடைய தங்கை மலருக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு மலைமேலேயே சேராப்பட்டு. கல்யாணப் பேச்சின்போதே மாப்பிள்ளையின் தாய்மாமன், "வீடியோவுக்கு சின்னசேலத்துலேர்ந்து ஆள் இட்டாரோம். ஒத்தப் பொட்டி வெச்சிருக்கறவன்லாம் ஸ்டுடியோவாய்யா?" என்று பலர் முன்னால் கேட்டுவிட்டார். "என் தங்கச்சி கல்யாணத்த நாந்தான் எடுப்பேன். உங்க ஊர் விருந்துல பெரிய திரையில ஓட்டிக் காமிக்கிறேன், பாருங்க" என்று அண்ணாமலை சவால் விட்டார். அந்த விருந்து தை இருபத்துநான்கு, சனிக்கிழமை மதியம். நான் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த காலைக்கு மறுநாள்.

சவாலுக்காக அண்ணாமலை கம்ப்யூட்டரை இரண்டு விதத்தில் பலப்படுத்தினார். யூடியூப் பார்த்து, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசசரை ஏற்றி ஓவர்கிளாக் செய்தார். டிரோன் காட்சிகளெல்லாம் பெரிய ஃபைல்கள் என்பதால் ஏற்கெனவே இருந்த இரண்டு ரேம் பட்டைகளோடு புதிதாக இரண்டை எங்கள் கடையில் வாங்கிப் போனார். கலர் கலராக மின்னும் ரேம். அதையும் முழு வேகத்தில் ஓடவிட்டார். அன்றிலிருந்து எடிட் பாதியில் இருக்கும்போது திரை நீலமாகி விழ ஆரம்பித்தது.

திங்கட்கிழமை பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர், "கொழந்தைக்கு அரை டிக்கெட்டா?" என்று கேட்டாராம். சார் பிரித்துப் பார்த்தார். பழைய இரண்டு ரேமையும் வழக்கப்படி அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். ரேமின் அடியில் வரிசையாகத் தங்கப் பூச்சுப் பற்கள் இருக்கும். அவைதான் மதர்போர்டைத் தொடும் இடம். அழுக்குப் பிடித்தால் ரப்பர்தான் மருந்து. புதிய ரேமுக்கு மட்டும் சார் ரப்பர் போட விடமாட்டார். "புதுசுல எங்கேர்ந்து அழுக்கு வரும்? இருக்கற தங்கத்த தேய்க்காத."

பிறகு ரேம் சோதனையை ஓடவிட்டோம். தப்பு இருந்தால் திரையில் சிவப்புக் கோடு வரும். வரவில்லை. ஃபேனை நிறுத்தினோம். கடைக்குள் அடுப்பங்கரை மாதிரி வெந்தது. வரவில்லை. ஓவர்கிளாக்கோடு, நாலு ரேமும் முழு வேகத்தில், மாலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்ணாமலை பெட்டியை முறைத்துப் பார்த்தார். "யக்கா, எங்க வூட்ல மட்டும்தான் இதுக்கு வலிப்பு வருது."

எதற்கும் இருக்கட்டும் என்று சார் எல்லா வேகத்தையும் கம்பெனி அளவுக்கு இறக்கிக் கொடுத்து அனுப்பினார். புதன்கிழமை மேலே போனது. வியாழன் காலை அங்கே விழுந்தது. வெள்ளிக்கிழமை நான் மேசையைத் துடைத்து முடிக்கும் நேரத்தில் போன் வந்தது.

"யக்கா, நாளைக்கு விருந்து. இன்னும் பாதிப் படம்கூட வெளிய வரல. வேகத்த கம்மி பண்ணியும் வுழுது. சேராப்பட்டு மாமா காலையிலயே போன் பண்ணி, 'திரை புக் பண்ணிட்டோம், படம் வருதா, இல்ல திரைய நெல்லு காயப்போட்ற துணியா வெச்சிக்கவா?'ன்றாரு. நான் மானத்தோட இருக்கவா, வேணாமா?"

சார் போனை வாங்கிக் கேட்டார். வைத்த பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வசந்தா, வேகம் கூட்டினதால வர்ற வியாதின்னா அது எங்க மொதல்ல தெரியணும்?"

"சூட்டுல சார்."

"இங்கதான் வெயிலு. இங்க ஓடுது. மேல பனி. அங்க படுக்குது. தலைகீழா இருக்குதா இல்லியா? நீ இப்பவே பஸ் ஏறு. போன ஒடனே பொட்டியத் தொடாத. அது வுழறத உன் கண்ணால பாரு."

புளிசோற்றோடு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமாகப் போய், மலை ஏறியது பஸ். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. மடியில் கருவிப் பை. ஏதோ பிரசவம் பார்க்கப் போகிற மாதிரி எனக்கு ஒரு பரபரப்பு.

வெள்ளிமலையில் இறங்கியபோது நல்ல வெயில். அண்ணாமலையின் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. அவருடைய அம்மா பூங்காவனத்தம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, டாக்டரம்மா. எம் புள்ள மூணு நாளா சோறு துன்னல." கல்யாணம் நடந்த வீடு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. புது வாளி, புதுக் குடை, புதுப் பாய் எல்லாம் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் ஓரத்திலும் மஞ்சள்.

கம்ப்யூட்டரைப் போட்டோம். ஓடியது. எடிட் ஓடியது. சோதனை ஓடியது. ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

அண்ணாமலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாத்தியாம்மா? ஆள் வந்தா நல்லபுள்ள மாதிரி நிக்கிது. இவங்க பஸ் ஏறின ஒடனே வுழும் பாரு."

"நான் பஸ் ஏறல அண்ணாமலை. விழுற வரைக்கும் இங்கதான்" என்றேன். பூங்காவனத்தம்மா வெல்லம் போட்ட கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார். சார் சட்டப்படி டம்ளர் காலியாகும் வரை எதையும் தொடவில்லை. அம்மாவுக்கு அது மரியாதையாகப் பட்டது போலும்; காலியானதும் மறுபடி நிரப்பினார்.

சாயங்காலம் எதிர்மலையில் வெள்ளையாக ஒன்று எழுந்தது. மரம் மரமாக விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி, தெருவுக்கு வந்து, வாசற்படி ஏறி உள்ளே வந்தது பனி. என் கண்ணாடி மங்கியது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது திரை நீலம்.

"வுழுந்திச்சி!" என்று அண்ணாமலை எழுந்து குதித்தார். வாழ்நாளில் தன் கம்ப்யூட்டர் படுத்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. "நான் பொய் சொல்லலக்கா! வுழுந்திச்சி பாருங்க!"

"பாத்தேன், பாத்தேன்" என்று நானும் குதிக்காத குறைதான்.

பிறகு முறையாக ஆரம்பித்தேன். வேக அளவுகளை வைக்கும் பயாஸ் திரைக்குள் போய் எல்லா வேகமும் கம்பெனி அளவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆக, ஓவர்கிளாக் குற்றவாளி இல்லை. பவரைப் பிடுங்கிவிட்டு, புதிய ரேம் இரண்டையும் கழற்றினேன். சோதனை ஓடியது, சுத்தம். கடுங்காப்பி. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதில் ஒன்றை மட்டும் மாட்டினேன். சிவப்புக் கோடுகள் மழைபோல வந்தன. கடுங்காப்பி. அதே ரேமை வேறு இடத்தில் மாட்டினேன். மறுபடி சிவப்பு. கடுங்காப்பி. மற்ற புதிய ரேம். அதுவும் சிவப்பு. இதற்குள் வெல்லமும் காப்பியும் தலைக்கேறி எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"அப்ப புது ரேம்தான் டூப்ளிகேட்டு" என்றார் அண்ணாமலை. "பழச வெச்சே முடிச்சிடலாமாக்கா?"

முயன்று பார்த்தோம். பழைய இரண்டை மட்டும் வைத்து அவருடைய படத்தைத் திறந்தால், டிரோன் மலையைத் தாண்டும் இடத்தில் மெமரி போதவில்லை என்று அப்படியே நின்றுவிட்டது. புதியது வேண்டும். கடை அந்நேரம் மூடப்போகிறது. கீழே போய் வேறு வாங்கி வர பஸ்ஸும் இல்லை.

சாருக்குப் போன் போட்டேன். நடந்ததை மட்டும் சொன்னேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

"ரெண்டு புதுசும் ஒரே மாதிரி கெட்டுப் போவாது" என்றார். "இங்க நாள் பூரா நல்லா ஓடிச்சி. பனி வந்தப்போ வுழுந்திச்சின்னா இது சூட்டு வியாதி இல்ல வசந்தா. ஈர வியாதி. ஈரம் எங்க ஒட்டிக்கினு இருக்குதுன்னு தேடு."

டார்ச் அடித்து மதர்போர்டின் ரேம் பள்ளங்களைப் பார்த்தேன். சுத்தம். புதிய ரேமின் பற்களைப் பார்த்தேன். தகதகவென்று தங்கம். அழுக்கென்று ஒரு புள்ளி இல்லை. எதற்கும் என்று கைக்குட்டையால் ஓரத்தைத் துடைத்தேன். பனியில் கைக்குட்டை நமத்திருந்தது. அதில் லேசாக மஞ்சள் ஒட்டியது.

தங்கப் பூச்சு கையோடு வருகிறதென்றால் அண்ணாமலை சொன்னதுதான் சரி. எங்கள் கடை விற்றது போலி. அவர் முகத்தில் எப்படி முழிப்பது? கைக்குட்டையை மடக்கிக்கொண்டு பேசாமல் பின்பக்கம் கைகழுவப் போனேன். கல்மேல் துணி சோப்பு இருந்தது. கையைக் கழுவிவிட்டு, கைக்குட்டையிலும் கறை போகட்டும் என்று சோப்பைத் தேய்த்தேன்.

மஞ்சள் கறை சிவப்பாக மாறியது.

அப்படியே நின்றேன். தங்கம் சிவக்காது. சோப்புப் பட்டால் சிவக்கிற மஞ்சள் உலகத்தில் ஒன்றுதான். சமையலறையில் கை துடைத்த துணியைத் துவைத்த எவருக்கும் தெரியும். மஞ்சளேதான்!

ஈரக் கையோடு முன்னறைக்கு ஓடினேன். கைக்குட்டையை விரித்துப் பிடித்து, "இந்த ரேம்ல மஞ்சள் வெச்சது யாரு?" என்று கேட்டேன்.

பூங்காவனத்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாந்தான். இன்னா தப்பு?"

"யம்மா!" என்றார் அண்ணாமலை.

"இன்னாடா யம்மா? புதுசா வூட்டுக்கு வந்த சாமானு. ஓரத்துல மஞ்ச வைக்காம எப்பிடி உள்ள எடுக்கறது? நீ அந்தாண்ட போன் பேசிக்கினு இருந்த. டப்பா தொறந்து கெடந்திச்சி. கொழைச்ச மஞ்ச கல்யாணத்துக்கு ரெடியா இருந்திச்சி. நாலு மூலையிலயும் ஒரு பொட்டு வெச்சேன். கொடைக்கு வெச்சேன், வாளிக்கு வெச்சேன். அது எல்லாம் நல்லாத்தானே இருக்குது?"

"கொடைக்குள்ள கரண்டு ஓடலியேம்மா!"

"நாலு மூலைன்னா கீழ் மூலைக்குமா வெச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"பின்ன, ரெண்டு மூலையோட வுட்டா அது மொறையா?"

அந்தக் கீழ் மூலைகளில்தான் தங்கப் பற்கள் முடிகின்றன. தங்கத்தின் மேல் மஞ்சள். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. புதிது என்பதால் ரப்பரும் போடவில்லை. கள்ளக்குறிச்சி வெயிலில் காய்ந்து கிடந்த வரை அது சும்மா இருந்திருக்கிறது. மலைப்பனியை உறிஞ்சி ஈரமானதும் பல்லுக்குப் பல் மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. இதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, அண்ணாமலை நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் பிடித்துக்கொண்டேன். காப்பியும் சேர்ந்துகொண்டது. நிற்க முடியாமல் புதுப் பாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனத்தம்மா, "மஞ்ச வெச்சதாலதான் அதுங்காட்டியும் ஓடிச்சி. இல்லன்னா தீப்புடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

ரப்பரை எடுத்தேன். புதிய ரேமுக்கு ரப்பர் போட்டது அந்த ஒரு முறைதான். மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க ரப்பரின் வெள்ளை முனை மஞ்சளானது. ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, நாலையும் மாட்டினேன். பனி சரியாக உள்ளே வரட்டும் என்று கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்தோம். புகைபோலப் பனி பெட்டியைச் சுற்றியது. எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டு, கல்யாண மேடையைப் பார்ப்பதுபோல் சோதனைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கோடு வரவில்லை.

"இப்ப வேகத்த ஏத்தட்டுமாக்கா?" என்றார் அண்ணாமலை.

"ஒண்ணு ஒண்ணா" என்றேன்.

முதலில் ரேமின் வேகம், பிறகு பிராசசர். நாலு பட்டை மாட்டியிருப்பதால் முழு வேகத்துக்கு ஒரு படி கீழே நிறுத்தச் சொன்னேன், கெஞ்சினார், விடவில்லை. பனிக்குள் ஓடியது. மறுபடி படத்தைத் திறந்தார். டிரோன் மலையைத் தாண்டியது. மணமேடையில் மலர் தலை நிமிர்ந்து அண்ணனைத் தேடும் இடம் வந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற அண்ணனைத்தான் தேடியிருக்கிறாள். அதனால் திரையிலிருந்து நேராக எங்களைப் பார்த்தாள்.

சாருக்குச் சொன்னேன். "மஞ்சள மறுபடி தடவி, கோளாறு வருதான்னு பாத்தியா?" என்றார்.

"சார், நாளைக்கு விருந்து! படம் வெளிய வந்துக்கினு இருக்குது!"

"ம். சரி. ஆனா நிரூபணம் பாக்கி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடிவதற்குள் படம் முழுதாக வந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் சேராப்பட்டுப் பந்தலில் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெரிய திரையில் கல்வராயன் மலை மேலிருந்து தெரிந்ததும் இலை போடப் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். தங்கள் வீட்டுக் கூரையை முதல்முறை மேலிருந்து பார்த்தவர்கள் கூவினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை அசையாமல் பார்த்தார். படம் முடிந்ததும் எழுந்து அண்ணாமலையிடம் வந்தார். எல்லோரும் காதைத் தீட்டினோம்.

"வைகாசியில எங்க பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். நீதான் எடுக்கற."

"சின்னசேலத்துக்காரரு?" என்றார் அண்ணாமலை, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"அந்தாள் வேணாம். ஆனா ஒண்ணு. பொண்ணுக்கு நலங்கு வெக்கிற அன்னிக்கு உங்கம்மாவ பொட்டி கிட்ட வுடாத."

கதை எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. பந்தல் அதிர்ந்தது. பூங்காவனத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "மூடி மேல வெச்சா பரவால்லயா?" என்று கேட்டார். "மூடி மேல தாராளமா வைங்க" என்றேன். அப்போதுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

அன்று மாலை பஸ்ஸில் கீழே வந்து, வீட்டில் விழுந்து தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு, கடைக்கு விடுமுறை. வாசல் தெளிப்பதற்குள் சார் போன் செய்து வரச் சொன்னார். போனபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. கடை வாசலில் குலசேகரன் சார் குந்தி உட்கார்ந்து, சந்தனக் கல்லில் மஞ்சள் கிழங்கை உரைத்துக்கொண்டிருந்தார். எதிரே சம்சு பாய் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?"

உள்ளே மேசைமேல், சோதனைக்கென்று கடையில் வைத்திருக்கும் நல்ல ரேம் ஒன்றும், அதற்கான பழைய பெட்டியும் தயாராக இருந்தன. பக்கத்தில் மின்சார அடுப்பில் ஒரு இட்லிக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு சார்?"

"கள்ளக்குறிச்சியில பனிக்கு எங்க போறது?" என்றார். "தட்டு ஏற்கனவே இங்கதான் இருக்குது. இன்னிக்கி அவ குண்டானத் தேடிக்கினு இருக்கா."

நல்ல ரேமை முதலில் மஞ்சள் இல்லாமல் ஆவியில் காட்டி ஓட்டினார். சுத்தம். வாசலைப் பார்த்து விரலைத் தூக்கினார். ஒரு டீ வந்தது. டம்ளர் காலியான பிறகு, ரேமின் கீழ் இரண்டு மூலைகளிலும் மோதிர விரலால் ஒவ்வொரு பொட்டு வைத்தார். ஃபேன் காற்றில் காயவிட்டார். மாட்டினார். ஓடியது, சிவப்பு இல்லை. இன்னொரு டீ. பிறகு குண்டான் மூடியைத் திறந்து, ஆவியை அட்டையால் பெட்டிக்குள் விசிறினார். சாரின் கண்ணாடி மங்கியது. அவருக்குத் திரை தெரியவில்லை.

"வந்திச்சா?"

ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்று. அப்புறம் திரை முழுக்க.

"வந்திடுச்சி சார்!"

கைகளைப் பின்னால் கட்டியே பார்த்துப் பழகிய அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். விரலெல்லாம் மஞ்சள். "இப்பதான் வசந்தா, நீ சரி பண்ணின" என்றார். அதன் பிறகு சம்சு பாய்க்கும் சேர்த்து மூன்று டீ சொன்னார்.